உரக்க வாசித்த பெயர்

தேர்தல் வேலை என்றால் நான் வேலை பார்த்த அரசாங்கக் கச்சேரியில் என்னை எப்போதும் தூரத்துக்குத்தான் போடுவார்கள். கலியாணம் கட்டாதவள், பின்னால் இழுக்கப் பிள்ளை குட்டி இல்லாதவள், எங்கே தள்ளினாலும் போவாள் என்ற எண்ணம். இரண்டு தேர்தலுக்குக் குறிஞ்சாக்கேணியில் இருந்தேன். எனக்கு அது பிடித்தும் இருந்தது. மத்தியானத்துக்கு யாரோ ஒரு வீட்டிலிருந்து சோறு வரும். நான் வாயில் வைக்கும் முன்னமே, "மிஸ், உறைப்புக் காணுமா?" என்று வாசலில் நின்று கேட்பார்கள். முகம் தெரியாத ஊர். வாக்காளர் இடாப்பில் உள்ள பெயரை வாசிப்பேன், வந்தவர் "ஓம்" என்பார், கோடு போடுவேன். பின்னேரம் பெட்டியைக் கட்டி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வருவேன்.

சொந்த வட்டாரத்தில் ஒருவரையும் தேர்தல் வேலைக்குப் போடுவதில்லை. ஆளைத் தெரிந்திருந்தால் பக்கம் சாய்வோம் என்று பயம். யுத்தம் மும்முரமாக இருந்த காலத்தில் வந்த அந்தப் பாராளுமன்றத் தேர்தலுக்கு அந்த வழக்கத்தையும் காற்றில் விட்டார்கள். வேலைக்குப் பெயர் போட்டவர்களில் பாதிப்பேருக்குத் திடீரென்று காய்ச்சல், வயிற்றோட்டம், மாமியார் சாகக் கிடக்கிறா. எனக்கு மாமியாரும் இல்லை, காய்ச்சலும் வரவில்லை. முதல் நாள் பத்து மணிக்குக் கூப்பிட்டு, "மிஸ், நாளைக்கு நீங்கள் உங்கட பக்கத்துப் பள்ளிக்கூடத்திலதான்" என்றார்கள். "ஐயோ, அது என்ர ஊரெல்லோ?" என்றேன். "ஆளில்லை மிஸ், தயவு பண்ணுங்கோ" என்றார்கள். தயவு பண்ணினேன்.

துறைமுக மதிலுக்குப் பின்னால் போகும் ஒழுங்கையில் எங்கள் வீடு. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே கிணறு. பக்கத்து வீட்டுக்காரி என்னைவிடப் பத்து வயது இளையவள். நான் அவளைப் பிள்ளை என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். கிணற்றடியில் எனக்கும் அவளுக்கும் வாரத்துக்கு ஒரு சண்டை. வாளியைச் சேற்றில் வைத்தாய், சவர்க்காரத் தண்ணியை என் வாழைக்கு விட்டாய் என்று நான் கத்துவேன். நான் பொல்லாத வாய்க்காரி என்று ஒழுங்கை முழுக்கத் தெரியும். அவள் சிரித்துக்கொண்டே நிற்பாள். பின்னேரம் ஒரு கிண்ணத்தில் கறி வரும். நானும் வெட்கமில்லாமல் வாங்கித் தின்பேன்.

அவளுடைய மனிசன் துறைமுகத்தில் லோஞ்ச் ஓட்டினவர். வெளியில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களை ஏற்றிப் போய் ஏற்றி வருகிற வேலை. வாய் திறந்து நாலு வார்த்தை கதைக்காத மனிதர். அந்தத் தேர்தலுக்கு நாலு வருடத்துக்கு முன்னர் ஒரு விடியற்காலையில் இராணுவத்தின் சுற்றிவளைப்பு நடந்தது. ஆம்பிளைகள் எல்லாரையும் பிறகு எனக்குத் தேர்தல் வேலை தந்த இதே பள்ளிக்கூட மைதானத்தில்தான் வெயிலில் இருத்தினார்கள். முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவனைக் கொண்டுவந்து ஒவ்வொருவருக்கும் முன்னால் நிறுத்தினார்கள். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆள் லொறியில் ஏற வேண்டும். லோஞ்ச்காரருக்கு முன்னால் ஆட்டினான். ஏன் ஆட்டினான் என்று இன்று வரைக்கும் எங்களுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நானும் அவளும் ஏறி இறங்காத முகாம் இல்லை. மனு எழுதுவது என் வேலை, அழுவது அவள் வேலை. எங்கே போனாலும் ஒரே பதில்: அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை, கொண்டு வரவும் இல்லை. எனக்குக் கொதி வரும். அவள் என் கையைப் பிடித்து அமத்துவாள். "கத்தாதேங்கோ அக்கா. உள்ளுக்க வைச்சிருந்தா அவருக்குத்தான் அடிப்பாங்கள்" என்பாள்.

வருடத்துக்கு ஒருதரம் ஊர் அலுவலரான விதானையார் வாக்காளர் இடாப்புக்கான படிவத்தைக் கொண்டுவந்து வீடு வீடாகத் தருவார். பதினெட்டு வயது முடிந்தவர்கள் யார் யார் இந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவள் அதை வேலிக்கு மேலால் என்னிடம் நீட்டுவாள். என் கையெழுத்து வடிவாம். நான் பேனையை எடுத்ததும் முதலில் மனிசனின் பெயரைச் சொல்லுவாள். முதல் வருடம் எழுதினேன். இரண்டாம் வருடம் எழுதினேன். மூன்றாம் வருடம் பேனை கொஞ்சம் நின்றது. அவள் கண்டுவிட்டாள். "நாங்களே வெட்டினா அக்கா, பிறகு ஆரிட்டப் போய் அவரைக் கேக்கிறது?" என்றாள். அதிலே நியாயம் இருந்தது. அவர் உயிரோடு இருக்கிறார் என்று அரசாங்கம் ஒத்துக்கொள்கிற ஒரே காகிதம் அந்த இடாப்புத்தான். தேர்தல் வந்தால் அவர் பெயருக்கு வாக்காளர் அட்டை தபாலில் வரும். அதை அவள் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் செருகி வைப்பாள்.

ஆனால் நாலாம் வருடம் வேறு ஒரு கதை தொடங்கியது. அவளுக்கு ஒரே ஒரு மகள், பதினாறு முடிந்து பதினேழு. கணக்கில் கெட்டிக்காரி, நாக்கும் என்னைப் போலக் கொஞ்சம் நீளம், அதனால் எனக்கு அவளில் பெரிய வாரப்பாடு. அந்தக் காலத்தில் திருகோணமலையில் பதினேழு வயதுப் பிள்ளையை வைத்திருக்கிற வீட்டில் ஒருவரும் நிம்மதியாகச் சோறு தின்னவில்லை. ஒரு பக்கம் சுற்றிவளைப்பு, மறுபக்கம் இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போவது. வெளிநாட்டில் இருந்த தாய்மாமன் பிள்ளையைத் தன்னிடம் அனுப்பச் சொல்லிக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். எல்லா ஒழுங்கும் செய்தார். ஒன்று மட்டும் குறைந்தது. பிள்ளைக்குப் பாஸ்போட் எடுக்கத் தகப்பனின் கையெழுத்து வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் தகப்பனின் மரண அத்தாட்சிப் பத்திரம் வேண்டும்.

அதாவது, பிள்ளை தப்ப வேண்டுமென்றால் தகப்பன் செத்துவிட்டார் என்று தாய் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் அவள் ஏலாது என்றே நின்றாள். ஆறு மாதம் நானும் விடவில்லை. கிணற்றடியிலும் குசினிக் கதவிலும் நின்று திட்டினேன். "இருக்கிற ஒண்டையும் பறிகுடுக்கப் போறீர், பிள்ளை! செத்தவருக்கு ஒரு கையெழுத்து வைக்க ஏலாம, உயிரோட இருக்கிறவளைக் கொல்லப் போறீரோ?" என்று ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வந்து, "விண்ணப்பத்தை எழுதுங்கோ அக்கா" என்றாள். எழுதினேன். தேர்தல் முடிந்த திங்கட்கிழமை கச்சேரிக்கு வந்து, எனக்கு முன்னால் கையெழுத்து வைக்கிறதென்று பேச்சு. அதுவரைக்கும் விண்ணப்பம் அவளுடைய அலுமாரியில் சீலைகளுக்குக் கீழே கிடந்தது.

தேர்தலுக்கு ஒரு கிழமைக்கு முன்னர் அவளுக்கு அட்டை வந்தது. அவருடைய அட்டை வரவில்லை. அவள் தபால்காரரை மறித்துக் கேட்டாள். "வந்ததைத் தந்தனான், தங்கச்சி" என்றுவிட்டு அவர் சைக்கிளை மிதித்தார். என் வீட்டுக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தபோது என்னிடம் உண்மையைச் சொன்னார். ஆயுதம் வைத்திருந்த ஒரு கூட்டத்துப் பொடியன்கள் ஒரு கட்சிக்காக வேலை செய்தார்கள். அவர்கள் தபால் கந்தோருக்கு வாகனத்தில் வந்து, பிரித்து வைத்திருந்த கட்டுகளைக் கிளறி, ஊரில் இல்லாத ஆட்களின் அட்டைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். யார் யார் இல்லை என்ற கணக்கு அவர்களிடம் வடிவாக இருந்தது. "மிஸ், உங்களோட இருக்கட்டும். வெளியில வந்தா என்னைச் சுட்டுப் போட்டிடுவாங்கள்" என்றார். நான் அவளிடம் சொல்லவில்லை. அது ஒன்றுதான் நான் நியாயமாகச் சொல்லாமல் விட்டது.

தேர்தலன்று காலையில் வகுப்பறை வாங்குகளை ஒதுக்கி மேசை போட்டோம். எங்களுக்குப் பொறுப்பாக வந்தவர் கந்தளாய்ப் பக்கத்துப் பள்ளிக்கூட அதிபர். ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. அதை வந்ததும் வராததுமாக எல்லாருக்கும் சொல்லிவிட்டார். முதல் மேசையில் நான். வருகிறவரின் அட்டையை வாங்கி, இலக்கத்தையும் பெயரையும் உரக்க வாசித்து, இடாப்பில் அந்தப் பெயரின் மேல் கோடு போட வேண்டும். உரக்க வாசிப்பது கட்சி முகவர்களுக்காக. ஆள் மாறி வந்திருந்தால் அவர்கள் எழும்பிச் சொல்ல வேண்டும். அடுத்த மேசையில் சின்ன விரலுக்கு மை. அதற்கடுத்ததில் வாக்குச்சீட்டு. துறைமுகத்துக்குள் கடற்படைக்காரர் வழக்கம்போலத் தண்ணீருக்குள் குண்டு போட்டார்கள். அடியில் ஆள் நீந்தி வராமலிருக்கப் போடுவது. சுவர் ஒருதரம் அதிர்ந்தது. கந்தளாய் அதிபர் மட்டும் துள்ளி எழும்பினார். நாங்கள் எழும்பவில்லை.

முதல் அரை மணித்தியாலம் வயதுபோன நாலைந்து பேர்தான் வந்தார்கள். பிறகு வந்தார்கள் பொடியன்கள். வாசலில் இரண்டு பேர் ரீ-சேட்டை வெளியில் விட்டுக்கொண்டு நின்றார்கள். இடுப்பில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தேவையில்லை. வரிசையாக உள்ளே வந்த ஒவ்வொருவன் கையிலும் ஒவ்வொரு அட்டை. வாசித்தேன். முதலாவது, லண்டனில் இருக்கிற ஒருவரின் பெயர். இரண்டாவது, மூன்று வருடத்துக்கு முன்னர் நான் செத்தவீட்டுக்குப் போன ஒருவரின் பெயர். மூன்றாவது அட்டையை வாங்கினேன். எங்கள் ஒழுங்கை. பக்கத்து வீட்டு இலக்கம்.

அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒருதரம் உரக்கச் சொன்னது போதும்.

நிமிர்ந்து பார்த்தேன். இருபத்திரண்டு வயதுகூட வராது. மீசை ஒழுங்காக முளைக்கவில்லை. இடாப்பில் இருந்தவருக்கு அப்போது நாற்பத்தைந்து. பொடியனின் சின்ன விரல் மினுங்கியது. மை பிடிக்காமலிருக்க ஏதோ பூசியிருந்தான். முகவர்கள் இரண்டு பேர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு பேரும் லோஞ்ச்காரரோடு இதே மைதானத்து வெயிலில் இருந்தவர்கள். நான் அதிபரைப் பார்த்தேன். அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "வாசியுங்கோ மிஸ், பின்னால ஆக்கள் நிக்கினம்" என்றார். ஊரையே திட்டுகிற வாய் எனக்கு. அன்றைக்கு அந்த வாயால் அந்தப் பெயரை வாசித்தேன். பொடியன், "ஓம்" என்றான். கோடு போட்டேன்.

பிள்ளை குட்டி இல்லாதவள், உனக்கென்னடி பயம் என்று யாரும் கேட்கலாம். எனக்கு என் உயிரில் பயம். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

பத்து மணி போல அவள் வந்தாள். குளித்து, தலை முடிந்து, பொட்டு வைத்து, பொம்பிளைகள் வரிசையில் நின்றாள். என்னைக் கண்டதும் கண்ணால் சிரித்தாள். அட்டையை வாங்கி அவளுடைய பெயரை வாசித்தேன். இடாப்பு வீட்டு இலக்கப்படி இருக்கும். மனிசனின் பெயருக்கு நேர் கீழே மனிசியின் பெயர். நான் கோடு போடக் குனிந்தபோது அவளும் மேசைக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். தலைகீழாக இருந்தாலும் தன் மனிசனின் பெயர் அவளுக்குத் தெரியாதா?

"அக்கா, அவற்ர பேரில கோடு கிடக்குது" என்றாள்.

நான் இடாப்பை என் பக்கம் இழுத்தேன்.

"ஆர் வெட்டினது? நாங்கள் எழுதிக் குடுத்தனாங்கள்தானே? நீங்கள்தானே எழுதினீங்கள்? ஆரைக் கேட்டு வெட்டினவங்கள்?" குரல் உயர்ந்துகொண்டே போனது. நாலு வருடமாக அவள் ஒருநாளும் அப்படிக் கத்தியதில்லை. வாசலில் நின்ற இரண்டு பேரில் ஒருவன் திரும்பிப் பார்த்தான். ஒரு அடி உள்ளே வைத்தான். அவளை அந்த இடத்தை விட்டுக் கிளப்ப வேண்டும், எப்படியாவது வாயை மூடப் பண்ண வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் ஓடவில்லை.

"வெட்டேல்லை, பிள்ளை. வோட்டுப் போட்டாச்சு எண்டதுக்குத்தான் கோடு" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு விளங்கியது. அவள் வாயை மூடிவிட்டாள். முகத்தில் இருந்த கோபம் அப்படியே நின்றது, பிறகு மெல்ல மெல்லக் கரைந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சத்தமே வராமல், "எத்தினை மணிக்கு அக்கா?" என்று கேட்டாள்.

"காலமை" என்றேன். பாவி, அதையும் சொன்னேன்.

"நடங்கோ தங்கச்சி, நடங்கோ" என்றார் அதிபர். அவள் மை பூசக் கையை நீட்டினாள். பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு, வெளியே போகும்போது மைதானம் முழுக்க ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனாள்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது கிணற்றடியில் எனக்காகக் காத்திருந்தாள். நான் கால் கழுவக்கூட விடவில்லை. "நீங்கள்தானே பேரைக் கூப்பிட்டனீங்கள் அக்கா? அவர் உங்களுக்கு முன்னாலதானே நிண்டிருப்பார்? மெலிஞ்சு போனாரோ? தாடி வைச்சிருந்தவரோ?" நான், "சனம் பிள்ளை, நான் தலையைக் குனிஞ்சு இடாப்பைத்தான் பாத்தனான்" என்றேன். வேறு ஒருத்தியாக இருந்தால் என் முகத்தைப் பார்த்தே பொய் என்று பிடித்திருப்பாள். இவளும் பிடித்தாள், ஆனால் மற்றப் பக்கமாகப் பிடித்தாள். "எனக்கு விளங்குது அக்கா. சொல்ல வேண்டாமெண்டு அவர்தான் கண்ணைக் காட்டியிருப்பார். உங்களுக்கும் ஆபத்துத்தானே. நான் இனிக் கேக்கேல்லை" என்றாள். பிறகு என் காதுக்குக் கிட்ட வந்து, "அதுதான் அட்டை எனக்கு வரேல்லை. அவருக்கே நேராப் போயிருக்கு" என்றாள்.

திங்கட்கிழமை அவள் கச்சேரிக்கு வரவில்லை. பின்னேரம் நான் போனபோது குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். லோஞ்ச்காரருக்குப் பிடித்த மீன். "விண்ணப்பம் எங்கை, பிள்ளை?" என்றேன். அடுப்பைக் காட்டினாள். "உயிரோட இருக்கிற மனிசனுக்கு மரண அத்தாட்சி எடுக்கச் சொல்லுறீங்களோ? அவர் வெளியில வந்தோண்ண அவரே கையெழுத்து வைப்பார்" என்றாள். அவள் அப்படிச் சந்தோசமாக நின்று நாலு வருடம். விரலைத் தூக்கிக் காட்டினாள். மை இன்னும் கறுப்பாக இருந்தது. சவர்க்காரம் போட்டு உரஞ்சவில்லையாம். "அவற்ர விரலிலயும் இப்ப இந்த மை இருக்கும் அக்கா" என்றாள்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தும் விட்டேன். "பிள்ளை" என்று தொடங்கினேன். அவள், "ஓம் அக்கா, சொல்லுங்கோ" என்று மீனைப் பிரட்டிக்கொண்டே திரும்பினாள். "உப்புக் கூடப் போட்டிடாதேயும்" என்றுவிட்டு வந்துவிட்டேன். த்தூ.

அடுத்த கிழமை நான் கச்சேரியிலிருந்து வரும்போது அந்த மீசை முளைக்காத பொடியன் மதிலில் சாய்ந்து நின்றான். "என்ன மிஸ், சுகமோ? இடாப்பெல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். நான் தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு நடக்கும்போது, சாக்குப் போட்டு மூடியவன் ஆட்டியதும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. தாய்மாமன் கோபித்துக்கொண்டு கடிதம் எழுதுவதை விட்டுவிட்டார். ஒருநாள் விடியற்காலையில் நான் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தபோது மகள் கிணற்றடிக்கு வந்தாள். ரியூசனுக்கு வெளிக்கிட்டு, கொப்பியைச் சைக்கிளில் வைத்திருந்தாள்.

"பெரியம்மா, ஒண்டு கேக்கட்டோ? மழுப்பாமச் சொல்லுவீங்களோ?"

"கேள்."

"அப்பா உண்மையா வந்தவரோ? அம்மா அம்மாதான், அவா அப்பிடித்தான் சொல்லுவா. நீங்கள் சொன்னா நான் நம்புவன். நீங்கள் ஆருக்கும் பூசி மெழுகிக் கதைக்கிறேல்லை."

அந்தப் பிள்ளையின் கண்ணைப் பார்த்தேன். இல்லை என்று சொன்னால் யார் வந்தது என்று கேட்பாள். அதைச் சொன்னால் தாயிடம் போய்ச் சொல்லுவாள். தாய் ஒழுங்கை அதிரக் கத்துவாள். மதிலடியில் பொடியன் நிற்பான். இதெல்லாம் ஒரு வாளி மேலே வருகிற நேரத்துக்குள் என் தலைக்குள் ஓடியது.

"ஓம் பிள்ளை" என்றேன். "வந்தவர்தான்."

"அப்ப சரி" என்றாள். சைக்கிளில் ஏறிப் போனாள்.

மத்தியானம் அவள் வரவில்லை. பின்னேரமும் வரவில்லை. சைக்கிள் இறங்குதுறையில் பூட்டியபடி நின்றது. தாய் அந்தச் சைக்கிளில் செருகிக் கிடந்த கணக்குக் கொப்பியைக் கொண்டுவந்து என்னிடம் தந்தாள். கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தது:

'அம்மா, அப்பா வோட்டுப் போட வந்தவர் எண்டா தூரத்தில இல்லை. இந்தக் கரையில நிண்டா பிடிப்பாங்கள், அதால அந்தக் கரையிலதான் இருப்பார். நான் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாறன். அழாதேங்கோ. பெரியம்மாவும் ஓம் எண்டு சொன்னவா.'

கணக்கில் கெட்டிக்காரி என்று சொன்னேனே. நான் கொடுத்த பொய்யை வைத்து ஒரு பிழையும் இல்லாமல் கணக்கைச் செய்திருந்தாள்.

குடாவுக்கு அந்தக் கரையில் இருக்கிற மூதூருக்குப் போகிற லோஞ்சில் அவளைக் கண்டவர்கள் இருந்தார்கள். மூதூர் இறங்குதுறையில் நின்று ஒரு படத்தைக் காட்டி, இவரைக் கண்டீர்களா என்று கேட்டாளாம். ஒரு கடைக்காரர் அவளை இருத்தித் தேத்தண்ணி கொடுத்து, "மகள், அடுத்த லோஞ்சில திரும்பிப் போங்க. நிலைமை சரியில்ல" என்று சொல்லியிருக்கிறார். "ஓம்" என்று சொல்லிவிட்டு இயக்கத்தின் கையில் இருந்த சம்பூர்ப் பக்கம் நடந்தாளாம். அதற்கு அப்பால் கண்டவர் இல்லை. இயக்கம் வைத்துக்கொண்டது என்றார்கள் சிலர். வழியில் ஷெல் விழுந்தது என்றார்கள் சிலர். நாங்கள் திரும்பவும் ஏறி இறங்கினோம், இரண்டு கரையிலும். திரும்பவும் நான் மனு எழுதினேன். இரண்டு கரையிலும் ஒரே பதில்தான்: அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை.

அடுத்த வருடம் விதானையார் படிவம் கொண்டுவந்தார். அவள் வேலிக்கு மேலால் நீட்டவில்லை. என் வீட்டுக்கே வந்து கதிரையில் இருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. நான் பேனையை எடுத்தேன். முதலில் மனிசனின் பெயரைச் சொன்னாள். எழுதினேன். தன்னுடைய பெயரைச் சொன்னாள். எழுதினேன்.

"பிள்ளைக்குப் போன மாதம் பதினெட்டு முடிஞ்சுது அக்கா. அவளின்ர பேரையும் போடுங்கோ" என்றாள்.

பேனை நின்றது.

"எழுதுங்கோ அக்கா. அவர் வந்து போட்டவர்தானே. அட்டை போனா இவளும் வருவாள்."

அதற்கு மேல் என்னால் ஏலவில்லை. என் வாசலில் யார் நின்றாலும், என்னை எங்கே இழுத்துக்கொண்டு போனாலும் போகட்டும் என்று வந்துவிட்டது. அந்தத் துணிவு ஒன்றரை வருடம் பிந்தி வந்தது. "பிள்ளை, அண்டைக்கு வந்தது அவரில்லை" என்றேன். "அட்டையைக் களவெடுத்துக்கொண்டு ஒரு பொடியன் வந்தவன். நான் தெரிஞ்சுகொண்டுதான் பேரை வாசிச்சனான். பயத்தில வாசிச்சனான். பயத்திலதான் உம்மட்டையும் பொய் சொன்னனான், உம்மட மகளிட்டையும் சொன்னனான்." சொல்லிவிட்டு அவள் காலடியில் இருந்து அழுதேன். அடிப்பாள், காறித் துப்புவாள் என்று பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

துறைமுகத்துக்குள் குண்டு ஒன்று போட்டார்கள். யன்னல் கண்ணாடி அதிர்ந்து ஓய்ந்தது. பிறகு, ஏதோ தெரியாததைக் கேட்பதுபோல, என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப, என்ர பிள்ளை ஆரைத் தேடிப் போனவள் அக்கா?"

அவள் குனிந்து என் கையிலிருந்து பேனையை வாங்கினாள். படிவத்தைத் தன் மடியில் வைத்து, மகளின் பெயரைத் தானே எழுதினாள். அடுத்த வருடமும் விதானையார் வந்தார். அதற்கடுத்த வருடமும் வந்தார். அவள் மூன்று பெயரையும் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். நான் கிணற்றடியில் நின்றால், நான் போகும்வரைக்கும் அவள் தண்ணீர் அள்ள வருவதில்லை.